ஓரத்தில் எழுதிய ‘எங்கே?’

(ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘இலக்கியத் திறனாய்வு அணுகுமுறைகளும் ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையும்’ என்று போட்டிருக்கிறார்கள். இது ஒரு மணி நேரத் தலைப்பே இல்லை, இரண்டு பருவத்துக்கான பாடத்திட்டம். அதனால் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். அணுகுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகாமல், ஐந்தே அடியில் ஒரு பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதைச் சுற்றியே பேசுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். தெரிந்த பாட்டு என்பதால்தான் எடுத்தேன். தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

குறுந்தொகை, 40ஆம் பாட்டு. என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிவோம், செம்மண்ணில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சம் தாம் கலந்தன என்பது பொருள்.

முதுகலை படித்தபோது இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். எட்டுப் பக்கம். ‘பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம், உன்னை ஒருநாளும் பிரியேன் என்று தலைவன் உறுதி கூறுகிறான்’ என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். அப்புறம் அன்பின் ஆழம், பண்பாட்டுச் சிறப்பு, இப்படியே போகும். திருத்தித் தந்த ஆசிரியர் எட்டுப் பக்கத்திலும் ஒரே ஓர் இடத்தில்தான் கை வைத்திருந்தார். ‘உறுதி கூறுகிறான்’ என்பதற்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் ஒரே சொல்: எங்கே?

எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? கோபத்தோடேயே பாட்டைத் திரும்பப் படித்தேன். ‘பிரியேன்’ என்று ஒரு சொல் கிடையாது. இனி நடக்கப்போவதைப் பற்றி ஒரு வாக்கும் இல்லை. மூன்று கேள்விகள், ஓர் உவமை, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும் ஒரு வினை. கலந்தன. அவ்வளவுதான். நான் எழுதிய உறுதிமொழி பாட்டிலிருந்து வரவில்லை. யாரோ சொல்லிக் கேட்டது, நான் பாட்டின் மேல் ஏற்றிவைத்தது.

தொல்காப்பிய மரபியலில் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்களைச் சொல்லும் இடத்தில் ‘தன்னான் ஒருபொருள் கருதிக் கூறல்’ என்று ஒன்று வருகிறது. தானாக ஒரு பொருளை நினைத்துக்கொண்டு அதையே சொல்வது. என் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான மதிப்புரை இருக்க முடியாது.

சரி, பாட்டுக்கு வருவோம். கொஞ்சம் மெதுவாகப் போகலாம்.

யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. பழந்தமிழில் இந்த உறவுச் சொற்களை யாருடையது என்று சொல்லாமல் உச்சரிக்கவே முடியாது. உடைமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆக முதல் இரண்டு அடியிலும் வரும் நான்கு பேரும் ஏதோ ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மூன்றாம் அடியில் யான், நீ. அங்கேயும் இரண்டு பக்கம். ஆனால் வினையைப் பாருங்கள், ‘அறிதும்’. தன்மைப் பன்மை. எப்படி அறிவோம் என்று கேட்கிற கேள்வியிலேயே ‘நாம்’ வந்துவிட்டது. அடுத்து உவமை. கடைசி அடியில் ‘அன்புடை நெஞ்சம்’. யாருடைய நெஞ்சம்? என் நெஞ்சும் நின் நெஞ்சும் என்று இல்லை. மூன்று அடியில் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள். ஐந்தாம் அடியில் நெஞ்சத்துக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. ‘கலந்தன’ என்று வினை வருவதற்கு முன்னாலேயே, அந்தச் சொல்லில் கலந்து முடிந்துவிட்டது.

இப்படிச் சொல்லுக்குச் சொல் நின்று படிப்பதற்கு உருவவியல் என்று பெயர் சொல்வார்கள், நுணுகிய வாசிப்பு என்பார்கள். பெயர் பின்னால் வரட்டும். நான் செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான்: இந்தப் பாட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது? அணுகுமுறை என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வது ஒவ்வொன்றும் அடிப்படையில் இப்படி ஒரு கேள்வி. கேள்வி இருந்தால் அணுகுமுறை தானாக வரும். நம் ஆய்வேடுகளில் நடப்பது தலைகீழ். முதலில் ‘பெண்ணிய நோக்கில்’ என்று முடிவு செய்கிறோம், ‘மார்க்சிய நோக்கில்’ என்று முடிவு செய்கிறோம். அப்புறம் ஒரு நாவலைத் தேடுகிறோம். கோட்பாட்டை முதல் இயலில் சொல்கிறோம், இரண்டாம் இயலிலிருந்து நாவலை அரவை இயந்திரத்தில் போடுவதுபோல் அதில் போட்டு எடுக்கிறோம். எந்த நாவலைப் போட்டாலும் ஒரே மாவுதான் வருகிறது.

இன்னொரு கேள்வி கேட்கிறேன். இதுவரை நான் தலைவன், தலைவி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். பாட்டில் தலைவன் எங்கே இருக்கிறான்? யானும் நீயும் என்பதில் ஆண் யார், பெண் யார்? ஐந்து அடியிலும் அந்த இருவரின் பால் காட்டும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. தலைவன் பேசுகிறான், தலைவி அஞ்சினாள் என்பதெல்லாம் பாட்டுக்குக் கீழே உள்ள துறைக் குறிப்பு சொல்வது. ‘பிரிவர்’ எனக் கருதி அஞ்சிய தலைமகளின் குறிப்பு வேறுபாடு கண்டு தலைமகன் கூறியது என்று அது சொல்கிறது. அந்தக் குறிப்பு பாட்டின் பகுதி இல்லை, பாட்டைத் தொகுத்து வைத்த மரபு தந்தது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நமக்குக் கிடைத்த மிகப் பழைய வாசிப்பு அதுதான். ஆனால் கட்டுரை எழுதும்போது ‘பாட்டு சொல்கிறது’ என்பதையும் ‘துறைக் குறிப்பு சொல்கிறது’ என்பதையும் பிரித்து எழுத வேண்டும். தலைவி அஞ்சினாள் என்பதற்குப் பாட்டு சாட்சி இல்லை.

இப்போது நாம் வந்து நிற்கிற இடம் பாட ஆய்வு. இந்தப் பாட்டு என் கைக்கு எப்படி வந்தது? குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். 1937இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பு வந்தது. அதற்கு முன்னால் ஏடுதான். ஏட்டில் புள்ளி இருக்காது, சீர் பிரிப்பு நாம் இன்று பார்ப்பதுபோல் இருக்காது. ‘தாங்கலந் தனவே’ என்று வைப்பதும் ‘தாம் கலந்தனவே’ என்று பிரிப்பதும் பதிப்பாசிரியரின் முடிவுகள். பழைய உரையாசிரியர்களான பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இந்த நூலுக்கு எழுதிய உரை நம் கைக்கு வரவேயில்லை. அதனால்தான் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கிறோம். ஏதோ சடங்குக்குக் கேட்பதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த பாடத்தை வெட்டி ஒட்டிவிட்டு, கீழே உ.வே.சா. பதிப்பு என்று அடிக்குறிப்புப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். மேற்கோளில் ஒரு எழுத்துப் பிழை, அந்தப் பதிப்பில் இல்லாத பிழை, அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எழுதியவர் யார் என்ற கேள்விக்குப் போனால் இங்கே கதவு மூடியிருக்கிறது. செம்புலப்பெயனீரார் என்பது அவர் பெயரே இல்லை. பெயர் தெரியாததால் அவர் எழுதிய உவமையையே எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இதே தொகையில் அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். வாழ்க்கை வரலாற்று அணுகுமுறை இங்கே பிடிக்க ஒரு பிடியும் இல்லாமல் நிற்கும். 1920களில் கேம்பிரிட்ஜில் ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கவிதைகளைப் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பெரிய கவிஞர்களை மோசம் என்றும் சாதாரணமானவர்களைப் பிரமாதம் என்றும் எழுதித் தந்தார்கள். 1929இல் அதைப் புத்தகமாகப் போட்டார். பெயர் போனால் நம் ரசனை எவ்வளவு தடுமாறும் என்று அதில் தெரிந்தது. இந்தத் தடுமாற்றத்தை நம் தொகுப்பாளர்கள் நமக்கு எப்போதோ ஏற்பாடு செய்து வைத்துவிட்டார்கள்.

அடுத்து நம்முடைய சொந்தச் சட்டகம். திணைக் கோட்பாட்டை நாம் பத்தாம் வகுப்பிலிருந்து படிப்பதால் அது ஒரு மனப்பாட அட்டவணை என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்த நிலத்தின் தெய்வம், பூ, விலங்கு போன்றவை), உரி (அதற்குரிய காதல் நிலை) என்று தொல்காப்பியர் சொன்னது கவிதையைப் படிக்கும் முறை. இந்தப் பாட்டில் வைத்துப் பாருங்கள். குறிஞ்சித் திணை என்கிறார்கள். மலை எங்கே? முருகன் எங்கே? குறிஞ்சிப் பூ, மயில், தினை, பறை, ஏதாவது ஒன்று? எதுவும் இல்லை. மண், மழை, அவ்வளவுதான். கருப்பொருள் பட்டியலில் பெரும்பாலானதைக் கழற்றி வைத்துவிட்ட பாட்டு இது. புணர்தல் என்ற உரிப்பொருள் ஒன்றுதான் இதைக் குறிஞ்சியில் கட்டி வைக்கிறது. ஏன் இத்தனை வெறுமை? பின்னணி எதுவும் இல்லாமல் இரண்டு பேரை மட்டும் நிறுத்துவதற்கா? பெற்றோர் வழி உறவு இல்லை என்று சொல்லும் பாட்டு, ஊரையும் தெய்வத்தையும்கூட விட்டுவிட்டதா? இப்படிக் கேட்டால் திணைக் கோட்பாடு ஆய்வுக் கருவி ஆகிறது. ‘இப்பாடலில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவை சிறப்புற அமைந்துள்ளன’ என்று எழுதினால் அது பழையபடி அட்டவணைதான்.

சமூகவியல் பார்வைக்கு வருகிறேன். ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், சங்கப் பாட்டுகளைப் பாணர் மரபில், வாய்மொழியாக உருவானவையாகப் பார்த்தது. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு. நானே சில இடங்களில் ஏற்பதில்லை. ஆனால் ‘இந்தப் பாட்டை எந்தச் சமூகம், யாருக்காக உண்டாக்கியது’ என்ற கேள்வியை அவருக்கும் இன்னோர் ஈழத்து ஆய்வாளரான சிவத்தம்பிக்கும் பிறகு யாரும் தவிர்க்க முடியாமல் போயிற்று. நம் பாட்டில் அந்தக் கேள்வி எங்கே இறங்கும்? ‘எம்முறைக் கேளிர்’ என்ற இடத்தில். காதலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவன் முதலில் கேட்பது உறவுமுறை. இல்லை என்று சொல்வதற்காகத்தான் கேட்கிறான், ஆனாலும் முதலில் அதுதான் வாயில் வருகிறது. உறவுமுறை எவ்வளவு கனமான பொருளாக இருந்தால் அதை மறுப்பதற்கே இரண்டு அடி செலவழிப்பான்?

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘சாதி மறுப்பைப் பாடிய சங்கப் பாட்டு’ என்று இதைப் பற்றி மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கே? பாட்டில் சாதி இல்லை. உறவு இல்லை என்பதிலிருந்து சாதி இல்லை என்பதற்குத் தாவ நடுவில் பாலம் வேண்டும். அதை வேறு சான்றுகளால் கட்டினால் எழுதுங்கள், நானே முதலில் படிக்கிறேன்.

பெண்ணிய வாசிப்பு இந்தப் பாட்டில் இன்னும் சுவையானது. குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டுகளில் பேசுவது தலைவியோ தோழியோதான். இங்கே அவள் பேசவில்லை. துறைக் குறிப்பை நம்பினால், அவள் முகத்தில் ஏதோ மாறியது, அவன் அதைப் பார்த்தான், பேசினான். அவளுடைய அச்சம் அவனுடைய பேச்சு வழியாகத்தான் நமக்கு வருகிறது. அவன் கேட்கும் மூன்று கேள்விக்கும் அவளிடமிருந்து பதில் எதிர்பார்க்கவில்லை. நாளை என்ன ஆகும் என்பது அவள் கவலை. நேற்று என்ன நடந்தது என்பது அவன் பதில். நான் முதுகலையில் ‘உறுதி’ என்று எழுதிய இடம் உண்மையில் இந்த இடைவெளி.

உளவியல், அமைப்பியல் இரண்டையும் வேகமாகக் கடக்கிறேன். அமைப்பியல் என்பது ஒரு படைப்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைப் பார்க்கும் முறை. அதைப் பற்றித் திறனாய்வாளர் தமிழவன் 1982இல் விரிவாக எழுதினார். ஆர்வம் உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். உளவியலைக் கதாபாத்திரங்களுக்கு நோய்ப் பெயர் கொடுக்கும் வேலையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். போதும்.

ரசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்களில் சிலர் கோபிப்பீர்கள். ரசிகமணி டி.கே.சி. போன்றவர்கள் பாட்டைச் சுவைத்துக் காட்டியதில் ஒரு தலைமுறையே கம்பனைத் திரும்ப வாசித்தது. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் விமர்சனத்துக்கென்றே ஒரு இடத்தை உண்டாக்கியது. விமர்சகர் க.நா.சு. தரப் பட்டியல் போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினார். இவர்களுக்கும் கல்விப் புலத்துக்கும் நடுவில் நெடுநாள் சண்டை. என்னைக் கேட்டால், ரசனை இல்லாதவர் ஆய்வுக்கு வரவே கூடாது. ஆனால் ரசனையை மட்டும் சான்றாகக் காட்டவும் கூடாது. டி.கே.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பனில் தமக்குச் சுவைக்காத பாட்டுகளை இடைச்செருகல் என்று நீக்கினார், சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். எவ்வளவு பெரிய ரசிகர்! ஆனால் ‘இது கம்பன் எழுதியிருக்க மாட்டான்’ என்பதற்கு ஏடு எங்கே என்று கேட்டால் அவரிடம் இருந்தது அவருடைய காது மட்டும்தான்.

இனி எழுதும் வேலைக்கு வருவோம். இங்கே நான் வெளியூர் போகப் போவதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரம், அதாவது அந்த நூலின் முன்னுரைப் பகுதி, போதும். இலக்கணப் பாடமாகப் படித்து மறந்துவிட்டீர்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும் கையேடாக ஒரு முறை படித்துப் பாருங்கள்.

‘ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே’ என்கிறார். எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லை. சரி, அந்தப் பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும்? செய்தவர் பெயர், எந்த நூலின் வழி வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், அமைப்பு, பேசும் பொருள், யார் கேட்பதற்கு, என்ன பயன். உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் வழிகாட்டிகள் கேட்பது இதைவிட அதிகம் ஒன்றும் இல்லை. ‘வழி’ என்பதுதான் முன்னாய்வுகள். ‘நுதலிய பொருள்’ என்பதுதான் ஆய்வுப் பொருள். இவற்றில் நாம் அதிகம் தடுக்கி விழுவது இந்தப் பொருளில்.

‘குறுந்தொகையில் இயற்கை’ என்று ஒரு தலைப்பு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. இயற்கை இல்லாத பாட்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ‘குறுந்தொகையில் தலைவன் கூற்றாக வரும் நீர் உவமைகள்’ என்றால் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் அதுவும் கேள்வி இல்லை, வட்டாரம்தான். கேள்வி எப்படி வரும் என்பதற்கு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பாட்டைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணோடு மண்ணாகக் கலந்து பிரிக்க முடியாமல் போவதுபோல என்று சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், “ஐயா, அந்தத் தண்ணியக் கொஞ்ச நேரம் அசையாம வச்சா மண்ணு அடியில தங்கிடுமே?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் சிரிப்பு நின்றது.

அவன் சொன்னது உண்மை. நீரின் நிறம் மாறும், சுவை மாறும், ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. அப்போதுதான் கடைசிச் சொல் கண்ணில் பட்டது. ‘கலந்தன’. பன்மை. ஒன்றாயிற்று என்று சொல்லியிருந்தால் ஒருமை வந்திருக்கும். நெஞ்சத்தின் சொந்தக்காரர்களை எடுத்துவிட்ட பாட்டு, வினையில் இரண்டை விட்டுவைத்திருக்கிறது. ‘பிரிக்க முடியாது’ என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டு வந்தது பாட்டில் இல்லை. இப்போது உண்மையான கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது: இந்த உவமை ஒன்றாதலைச் சொல்கிறதா, அல்லது பிரியக் கூடிய கலப்பைச் சொல்கிறதா? இதற்கு மறுப்பும் உண்டு. இரண்டு நெஞ்சம் என்பதால் இலக்கணம் பன்மையைக் கேட்கிறது, அதில் என்ன பொருள் இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்பு. அதைக் கட்டுரையில் நீங்களே எழுப்பி, நீங்களே பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடியாவிட்டால் உங்கள் முடிவின் குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். மறுப்பை ஒளித்துவைக்கிற கட்டுரையைத் தேர்வாளர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பிறர் கருத்தை எப்படிக் கையாள்வது? நன்னூல் ஏழு மதம், அதாவது ஏழு கொள்கை நிலைகள், சொல்கிறது. உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்று அப்புறம் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையோடு சேராமல் தன் வழியே போதல். நம் முன்னாய்வு இயல்களில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது, உடன்படல். ‘இன்னார் இந்நூலில் இவ்வாறு கூறுகிறார். இன்னொருவர் இவ்வாறு கூறுகிறார்.’ முப்பது பேர் கூறிவிடுவார்கள், ஆய்வாளர் வாயே திறக்கமாட்டார். பழைய உரையாசிரியர்கள் இப்படியா இருந்தார்கள்? ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று ஒரு வரியில் முன்னவரை நிறுத்திவிட்டு, அடுத்த வரியில் ஏன் பொருந்தாது என்று காரணம் சொல்வார்கள். பெயர் சொல்லாமல் மறுப்பது அவர்கள் நாகரிகம். நமக்கு அது ஆகாது, பெயரும் பக்கமும் வேண்டும்.

மேற்கோள் விஷயத்திலும் நன்னூல் ஒரு வெண்பா வைத்திருக்கிறது. முன்னோர் சொன்ன பொருளை மட்டும் இல்லை, ‘அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்று. பொருளை எடுத்தால் எடுத்ததாகச் சொல்ல வேண்டும். சொல்லை எடுத்தால் சொல் மாறாமல் எடுக்க வேண்டும். இன்று கருத்துத் திருட்டு என்று மென்பொருள் வைத்துப் பிடிக்கிறார்கள். மென்பொருள் சொல்லைத்தான் பிடிக்கும். நாலு சொல்லை மாற்றிப் போட்டு அடுத்தவர் வாதத்தை நம்முடையதாகக் காட்டினால் அதுவும் திருட்டுதான். மென்பொருள் விட்டுவிட்டது என்பதால் அது ஆய்வாகிவிடாது.

ஒரு நூலுக்கு வரும் குற்றங்கள் என்று நன்னூல் சொல்லும் பத்தையும் முழுதும் சொல்ல நேரம் இல்லை, மூன்று மட்டும். மற்றொன்று விரித்தல்: இன்று எழுதும் ஒரு நாவலாசிரியரைப் பற்றிய ஆய்வேடு, 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் தொடங்கி நாற்பது பக்கம் நாவல் வரலாறு சொல்லும். ஆய்வுக்கு உரியவர் நாற்பத்தோராம் பக்கத்தில் பிறப்பார். மாறுகொளக் கூறல்: இரண்டாம் இயலில் ‘காலத்தை உறுதியாகச் சொல்ல இயலாது’, நான்காம் இயலில் ‘ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்’. சென்றுதேய்ந்திறுதல்: இதற்கு விளக்கமே வேண்டாம். சமர்ப்பிக்கும் நாள் நெருங்க நெருங்க இயல்கள் மெலிந்துகொண்டே வரும், பாருங்கள். கடைசி இயல் எலும்பும் தோலுமாக இருக்கும்.

கடைசியாக நடை. இரண்டு பத்தி படிக்கிறேன். முதலாவது:

‘சங்க இலக்கியங்கள் தமிழரின் வாழ்வியல் கருவூலங்களாகத் திகழ்கின்றன. அத்தகு சிறப்புமிக்க குறுந்தொகையில் அன்பின் ஆழத்தைப் புலவர் மிக அழகாக எடுத்தியம்பியுள்ளார் என்பதை இதன்வழி அறிய முடிகின்றது.’

இது என் பழைய கட்டுரையிலிருந்து. யாரையும் குறை சொல்லவில்லை. இந்தப் பத்தியில் குறுந்தொகையை எடுத்துவிட்டு நற்றிணை என்று போடுங்கள். பத்தி அசையாமல் நிற்கும். அகநானூறு? அதற்கும் நிற்கும். எந்த நூலுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த நூலைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். இரண்டாவது:

‘முதல் மூன்று அடிகளில் வரும் ஆறு பெயர்களும் யான், நீ என்ற இரு பக்கங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. ஐந்தாம் அடியில் வரும் நெஞ்சம் மட்டும் யாருடையது என்ற சுட்டு இல்லாமல் வருகிறது. எனினும் கலந்தன என்ற பன்மை வினை இருமையை முற்றிலும் அழிக்கவில்லை.’

இதில் நற்றிணையைப் போட முடியாது. தவறு என்று யாராவது நிரூபிக்கலாம். ஆறு பெயர் இல்லை, ஐந்துதான் என்று எண்ணிக் காட்டலாம். அந்த வாய்ப்பை எதிராளிக்குக் கொடுப்பதுதான் ஆய்வு நடை. ‘அறிய முடிகின்றது’, ‘புலனாகின்றது’, ‘எனலாம்’ எல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவது. இன்னொன்று, ‘என ஆய்வாளர் கருதுகிறார்’ என்று தன்னையே படர்க்கையில் எழுதுவது. ஒரு ஆய்வேட்டில் மூன்று பக்கம் படித்த பிறகுதான் அந்த ஆய்வாளர் வேறு யாரோ இல்லை, எழுதியவர்தான் என்று எனக்குப் புரிந்தது. நான் கருதுகிறேன் என்றால் ‘கருதுகிறேன்’ என்று எழுதுங்கள். உங்கள் துறை ஒத்துக்கொள்ளாது என்றால், யார் கருதுகிறார் என்ற குழப்பம் வராதபடியாவது எழுதுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. முன் வரிசையில் தாள்கள் இருக்கின்றன, பின்னால் அனுப்புங்கள். நாலு அடியில் ஒரு பாட்டு. ‘நிலத்தினும் பெரிதே’ என்று தொடங்கும், சிலருக்குத் தெரிந்திருக்கும். திணை, துறை, புலவர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதல் அடியில் ஒன்று பெரிது என்கிறது, உயர்ந்தது என்கிறது, ஆனால் எது என்று சொல்லக் கடைசி அடி வரை காக்க வைக்கிறது. ஏன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ‘அழகு’ என்ற சொல்லும் ‘சிறப்பு’ என்ற சொல்லும் வரக் கூடாது. உங்கள் பெயரும் போட வேண்டாம். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு பென்சில்தான் இருக்கிறது, அது ஓரத்தில் எழுதுவதற்கு.